பச்சைக் கட்டச் சேலையும் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும்

போன வாரம் என் மகள் பெங்களூரிலிருந்து ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளை அனுப்பியிருந்தாள். பெட்டிகளையல்ல, போனில் படங்களை. அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நாலைந்து பெண்கள் சேர்ந்து துண்டுத்துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கக் கற்றுக்கொள்கிறார்களாம். நாங்கள் ஒட்டுப்போர்வை என்று சொன்னதை அவர்கள் க்வில்ட் என்கிறார்கள். பெயர் மாறியதும் அதற்கு மரியாதை கூடிவிட்டது. படங்களுக்குக் கீழே ஒரு வரி: "இதுல எதும்மா நம்பி வாங்கலாம்? ஒரே வருசத்துல பல்லை இளிக்காததாப் பாத்துச் சொல்லு." ஒன்பதும் மூக்கை நீட்டிக்கொண்டு பளபளவென்று நின்றன. ஒன்று ஊதா, ஒன்று ரோஸ், ஒன்றின் வயிற்றுக்குள் தண்ணீர் ஆடுவது வெளியே தெரிகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் மாமியார்க்காரி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டேன். மூன்று நாள் பதில் போடவில்லை.

இதில் என்ன இருக்கிறது, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் பதினோரு வருடம் ஒட்டுப்போர்வை தைத்து விற்றவள் நான். சட்டைக்கு இஸ்திரி போடுவது வேறு, ஒட்டுப்போர்வைக்குப் போடுவது வேறு என்று அரை மணி நேரம் பேசச் சொன்னால் பேசுவேன், கேட்பவர் எழுந்து போனாலும் பேசுவேன். சட்டையைத் தேய்க்கலாம். ஒட்டுப்போர்வையை அமுக்கித்தான் எடுக்க வேண்டும். இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததும் அந்தத் தையலை ஒரு பக்கமாகச் சாய்த்து, பெட்டியை அதன்மேல் வைத்து, மனதுக்குள் ஐந்து எண்ணி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தோமானால் துணி கோணிக்கொள்ளும், பிறகு சதுரங்கள் ஒன்றோடொன்று சேராது. சின்னப் போர்வை ஒன்றுக்கே இப்படி நூற்றுக்கணக்கான தடவை வைத்து எடுக்க வேண்டும். அதனால் பெட்டி கனமாக இருக்க வேண்டும், சூடு ஏறி இறங்காமல் ஒரே சீராக நிற்க வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது. இந்த மூன்றும் உள்ள பெட்டி அமைவது நல்ல சம்பந்தி அமைவதைவிடக் கஷ்டம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சுவர்க்கடிகாரத்துக்கு அடுத்தபடி அதிகம் வருவது இஸ்திரிப் பெட்டிதான். எனக்கு மூன்று வந்தன. முதலாவது மூன்றே மாதத்தில் கண்ணை மூடியது. இரண்டாவது தொட்டால் ஷாக் அடித்தது. என் வீட்டுக்காரர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் ஓட வைப்பார், வீட்டுப் பெட்டி என்று வந்தால் மட்டும், "ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டுத் தேயி, ஒண்ணும் ஆவாது" என்பார். ஒரு வருடம் செருப்புக் காலோடு நின்று இஸ்திரி போட்டேன். மூன்றாவது பெட்டிக்குத் தெரிந்த நிலைகள் இரண்டே இரண்டு, ஜில்லென்று கிடப்பதும் கொதிப்பதும். அது தின்ற துணிகளைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னும் நாலு போர்வை தைத்திருப்பேன்.

அதைத் தூக்கிக்கொண்டுதான் உக்கடம் பக்கத்தில் பெட்டி ரிப்பேர் பார்க்கும் காதர் பாயிடம் போனேன். ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க இடமில்லாத கடை. அவர் என் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, செத்த எலியைத் தள்ளி வைப்பதுபோல ஓரமாக வைத்தார். பிறகு பரணிலிருந்து மரப்பிடி போட்ட பழைய பெட்டி ஒன்றை இறக்கினார். கறுப்பு, அசிங்கம், தூக்கினால் தோள் இறங்கும் கனம். அவரே உள்ளே எல்லாம் புதிதாக மாற்றியிருந்தாராம். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டு, யாரோடோ போனில் ஒரு கல்யாணப் பேச்சைப் பேசி முடித்துவிட்டு எடுத்தார். தாளில் பெட்டியின் உருவம் இளம் பழுப்பாக விழுந்திருந்தது, மூலைக்கு மூலை ஒரே நிறம். "பாத்துக்குங்க. பொட்டிக்குக் கோவம் வரலாமுங்க, ஆனா ஒரே மாதிரி வரோணும்" என்றார். அந்தப் பெட்டிக்கு என்னிடம் இருந்த வருடமெல்லாம் ஒரே மாதிரிதான் கோபம் வந்தது. நான் கண்ட நல்ல குணக்காரர்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

இப்படி ஒரு பெட்டி கிடைத்து, இனிமேல் கவலையில்லை என்று நான் உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் மாமா வந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. சத்தியமங்கலத்தில் வாழைத்தோட்டம். அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நின்றார். என் கல்யாணத்தில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்கார வைத்தது அவர். நான் தைத்துச் சம்பாதிக்கிறேன் என்பது அவருக்குப் பெரிய பெருமை. ஒருநாள் கோயம்புத்தூரில் ஐந்து கடை ஏறி இறங்கி, ஆவியடிக்கிற புதுப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் அதைச் சும்மா கையில் கொடுக்கவில்லை. "தாம்பாளம் எடுத்தா கண்ணு" என்றார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் பூ, நடுவில் இஸ்திரிப் பெட்டி. கிழக்கே பார்த்து நின்று, என்னையும் வீட்டுக்காரரையும் சேர்ந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான், அது தாய்மாமன் சீர் ஆகிவிட்டது. தாய்மாமன் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததை நொட்டை சொன்ன பெண்ணை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

போத்தனூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். உப்பென்றால் உப்பு, சொம்பில் வைத்தால் வெள்ளை வளையம் கட்டும். ஊரே சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் அதைக் குடிக்க மட்டும் குடம் கணக்கில் பிடித்து வைத்திருப்போம். மாமா கொடுத்த பெட்டி அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரே வாரத்தில் அடிவயிற்றுத் துளைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் துப்ப ஆரம்பித்தது. துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். ஆனால் மாமா விடவில்லை. மாடு வாங்கிக் கொடுத்தவர் கறவை எப்படி என்று விசாரிப்பதுபோல, போன் பேசும்போதெல்லாம் விசாரிப்பார்.

"பொட்டி எப்படி கண்ணு இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க மாமா."

"உனக்கு அனுசரணையா இருக்குதா?"

"ரொம்ப அனுசரணைங்க மாமா."

அவர் வருகிற நாளில் காதர் பாயின் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும், சீர்ப் பெட்டி மேசைக்கு வரும். கிட்டத்தட்ட இரண்டு வருடம் இந்த நாடகம் நடந்தது. வீட்டுக்காரர் சிரிப்பார். "ரெண்டு பொண்டாட்டிக்காரன்கூட இத்தனை பயப்பட மாட்டான்" என்பார். ஒரே ஒரு தடவை, உண்மையின் ஒரு நுனியைக் காட்டினால் என்ன என்று தோன்றி, "எங்கூட்டுத் தண்ணி உப்புங்க மாமா, அதான் பொட்டி கொஞ்சம் வெள்ளையாத் துப்புது" என்று சொல்லிவைத்தேன். அந்த நுனியே போதுமானதாக இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

அது கரண்ட் முறை வைத்துப் போய்க்கொண்டிருந்த காலம். இரண்டு மணி நேரம் இருக்கும், இரண்டு மணி நேரம் இருக்காது. அந்த நாட்களில்தான் பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த நாச்சிமுத்து அண்ணன் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அவருடைய பண்ணை மோட்டாரைப் பார்க்கப் போன என் வீட்டுக்காரர், வாய் சும்மா இருக்காமல் என் தையலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். உயரமான மனிதர். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்காருவார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, மோட்டார் நன்றாக ஓடுகிறது, இந்த வருடம் மழை இல்லை, கரண்ட் இப்படிப் போனால் கோழிகள் என்ன ஆகும் என்று என்னென்னவோ பேசினார். காப்பி ஆறிப்போன பிறகுதான் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். பச்சையில் சின்னக் கட்டம் போட்ட சாதாரணக் காட்டன் சேலை.

"என்ற சம்சாரத்துதுங்க" என்றார். "ரெண்டு வருசம் ஆச்சுங்க அவ போயி. அன்னைக்குக் காலையில அவுத்துக் கொடியில போட்டுட்டு, வேற சீலை கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தா. திரும்பி வரலீங்க. இதைத் தொவைக்கலீங்க. பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிப்போட்டேன்."

அவர் பாப்பா என்று கூப்பிடும் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வரப்போகிறாள். வளைகாப்பு முடிந்து அழைத்து வரும் நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அம்மா வீடு என்றுதான் பேர், அம்மா இல்லை. பிள்ளை பிறந்ததும் போர்த்த இந்தச் சேலையில் ஒரு போர்வை வேண்டும், ஆனால் துவைக்கக் கூடாது. இதைச் சொல்ல அவர் பட்ட பாடு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ வாசம் இருக்குதுங்க அதுல. கோழிப்பண்ணைக்காரன் மூக்குக்கு ஒரு வாசமும் தெரியாதுன்னு பாப்பா கேலி பேசுமுங்க. வாஸ்தவந்தானுங்க. ஆனா இது மட்டும் தெரியுதுங்க. பாச்சை உருண்டைகூடப் போடலீங்க, வாசம் மாறிப்போயிரும்னு."

"சேலையாவே குடுத்தா ஆகாதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"சீலையாக் குடுத்தா பாப்பா பாத்ததும் அளுதுபோடுமுங்க. போர்வையா இருந்தா புள்ளைக்குப் போத்தும். அப்பப்ப தானும் மோந்து பாத்துக்கும்." பிறகு சேலையை நீவிவிட்டபடி, "பொறக்காத புள்ளைக்குப் புதுசா எதுவும் தெக்கக் கூடாதுங்கறாங்க. இது பழசுதானுங்களே அம்மணி?" என்றார். பின்பக்கத்துக்குத் தன்னுடைய பழைய வேட்டி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

பாச்சை உருண்டை போடாததால் சேலை முழுக்கப் பூச்சி அரித்த சின்னச் சின்ன ஓட்டைகள். ஓட்டைகளைத் தவிர்த்து வெட்டினால் சதுரம் சதுரமாகத்தான் வரும், அதற்கு ஒட்டுப்போர்வைதான் சரி. வெட்டுவதற்குமுன் சேலையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த அம்மாளை நான் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சேலையில் அவர் இருந்தார்.

வேறெந்த வேலைக்கும் நான் இத்தனை பயந்ததில்லை. சூடு பட்டால் வாசம் போகும் என்பது பெட்டி பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். சமையல் நெடி, பயண நெடி பிடித்த துணியை ஆவி காட்டித்தான் எடுப்போம். இங்கே அந்த வாசத்தையே காப்பாற்ற வேண்டும், தையலையும் அமுக்க வேண்டும். காதர் பாயின் பெட்டியை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு மெல்லிய மல்துணியைப் போட்டு, ஐந்து எண்ணாமல் இரண்டே எண்ணி எடுத்தேன். நூறு இடத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கி மோந்து பார்ப்பேன். இருக்கும். பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போவேன். முழுதும் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, வேட்டியை அடியில் கொடுத்து, ஓரம் கட்டி முடித்தபோதும் இருந்தது. பெட்டியை நான் கும்பிட்டிருக்கலாம், கூச்சமாக இருந்ததால் கும்பிடவில்லை. மறுநாள் காலை நாச்சிமுத்து அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். கடைசியாக ஓரம் மட்டும் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மகள் மறுபடி கேட்டபோது, "கனமாப் பாத்து வாங்கு கண்ணு, தண்ணி ஊத்தறது வேண்டாம்" என்று எழுதினேன். "ஆவியடிக்கிறது இல்லாம எப்படிம்மா? இங்க எல்லாரும் அதுதான் வெச்சிருக்காங்க" என்று உடனே வந்தது. "அப்ப அதையே வாங்கிக்க" என்று எழுதிவிட்டேன். பெற்ற மகளிடமே ஒரு 'வேண்டாம்' என்பதை இரண்டாவது தடவை சொல்ல வராத வாய் இது. இந்த வாயை வைத்துக்கொண்டு மாமாவிடம் நான் என்ன பேசியிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று பதினோரு மணிக்குத்தான் கரண்ட் வந்தது. பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே, "கண்ணு, ஊட்டுல இருக்கறயா?" என்று குரல். மாமா. போன் செய்யாமல் வந்திருக்கிறார். சுடச்சுடக் காதர் பாயின் பெட்டியைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், அங்கே கிடந்த கோரைப்பாய் ஒன்று கருகியது. அலமாரி மேலிருந்து சீர்ப் பெட்டியை இறக்கி மேசையில் வைத்து, முந்தானையால் தூசி துடைத்துக்கொண்டே, "வாங்க மாமா, வாங்க" என்றேன்.

மாமாவின் கையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது.

"பவானித் தண்ணி கண்ணு" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "உப்புத் தண்ணின்னு சொன்னயல்லொ. காலையில ஆத்துல எறங்கி, கலங்காத எடமாப் பாத்துப் புடிச்சு, துணியில வடிகட்டிக் கொண்டாந்துபோட்டேன். இனி எப்படித் துப்புதுன்னு பாக்கலாம்."

சத்தியமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. சாப்பிடுங்கள் என்றேன், பிறகாகட்டும் என்றார். மோர் மட்டும் குடித்தார். தானே பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு சொட்டுக் கீழே விழாமல் ஊற்றினார். பிளக்கைச் சொருகினார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, "போடு கண்ணு, பாக்கலாம்" என்றார்.

நான் ஒரு பழைய தலையணை உறையை எடுத்து விரித்துப் போட்டுக் காட்டினேன். அவருக்குத் திருப்தி இல்லை. மேசையில் மடித்து வைத்திருந்த பச்சைப் போர்வையைக் காட்டி, "இதுக்குத்தான கண்ணு வாங்கிக் குடுத்தேன்? இதுல போடு" என்றார்.

'இதற்கு ஆவி ஆகாதுங்க மாமா, இது ஒரு செத்துப்போன அம்மாவின் வாசம்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். மாமா பதறி எழுந்து பிளக்கைப் பிடுங்கியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். ஆனால் அடுத்து அவர் கேட்பார்: அப்படின்னா இதை எதுல போட்டே கண்ணு? போர்வைக்கெல்லாம் இதை எடுக்கறதே இல்லையா? இரண்டு வருட 'அனுசரணைங்க மாமா' எல்லாம் ஒரே நிமிடத்தில் அவிழ்ந்துவிடும், அந்தக் கேன் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும்போதே அவிழும். வாய்வரை வந்தது. "மாமா..." என்றேன். "சொல்லு கண்ணு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். போர்வையை விரித்தேன்.

ஓரத்தில் மட்டும் பட்டும் படாமல் வைத்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாமா எட்டி, பெட்டியின் பொத்தானைத் தன் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார்.

அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருநாளும் அப்படி வேலை செய்ததில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை, ஒரு வெள்ளைத் துகள் விழவில்லை. உஸ்ஸென்று ஆவி சீராக இறங்கிப் போர்வைக்குள் புகுந்து மேலே எழுந்தது. "பாத்தியா! பொட்டி மேல தப்பில்ல கண்ணு, தண்ணி மேலதான் தப்பு!" என்று மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். நான் அவர் பார்க்கப் பார்க்க நாலு மூலைக்கும் போனேன், நடுவிலும் போட்டேன். பாதியில் நிறுத்தக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. அப்போது அறை முழுக்க அந்த வாசம் எழுந்தது. மூன்று வாரமாக நூறு இடத்துக்கு ஒரு தடவை துணியில் மூக்கை வைத்து நான் தேடிக்கொண்டிருந்த வாசம் மொத்தமாக எழுந்து நின்றது. மாமா பேச்சை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கீழே விட்டார், வெளிப் பெண்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் செய்வதுபோல.

"ஆரோ வந்தாப்பல இருக்குது கண்ணு" என்றார்.

"ஆருமில்லீங்க மாமா" என்றேன்.

பின்னால் ஒரு ரயில் போனது. ஜன்னல் திரை உள்ளே வந்து வெளியே போனது. அவ்வளவுதான்.

மாமா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மீதித் தண்ணீரை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார். கேட்டைச் சாத்திவிட்டு ஓடிவந்து போர்வையில் முகத்தை வைத்தேன். சூடு ஆறின பருத்தித் துணியின் வாசம். சலவைக்குப் போய் வந்த துணி மாதிரி, யாருடையதாகவும் இல்லாமல் இருந்தது. மடித்துப் பார்த்தேன், விரித்துப் பார்த்தேன், பின்பக்க வேட்டியில்கூடத் தேடினேன். வெட்டிப்போட்ட ஓட்டைத் துண்டுகள் நினைவுக்கு வந்தன. அவற்றைத் திருப்பூரிலிருந்து தையலுக்கு வாங்கும் பனியன் வெட்டுத்துணிகள் கிடக்கும் சாக்கிலேயே போட்டிருந்தேன். சாக்கைத் தரையில் கொட்டி, பச்சைக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்பது துண்டு கிடைத்தன. ஒன்பதிலும் பனியன் துணியின் சாய நெடிதான் இருந்தது. நடுத்தரையில் அந்தத் துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டு, அவருக்குச் சொல்லத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னார். "ரிப்பேர் பாக்க முடியாததா?" என்றார்.

மறுநாள் நாச்சிமுத்து அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். உள்ளே வருமுன் குழாயடியில் கையை முழங்கைவரை கழுவி, தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். நான் போர்வையை எடுத்து நீட்டினேன். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். "தையலு நல்லா இருக்குதுங்க" என்றார். தையலை இன்னும் கிட்டத்தில் பார்க்கிறவர்போல, கொஞ்சம் திரும்பி நின்று, முகத்துக்கு அருகே கொண்டுபோனார். நான் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் தோள்பட்டை ஒரு தடவை ஏறியது, இன்னொரு தடவை ஏறியது. மூன்றாவது தடவையும் ஏறியது.

திரும்பியபோது சிரித்தார்.

"இருக்குதுங்க அம்மணி. அப்படியே இருக்குதுங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகப் போனில் மாமாவிடம் நான் பேசிக்கொண்டிருந்த குரல் அது.

"அண்ணா..." என்று ஆரம்பித்தேன்.

"காப்பியெல்லாம் வேண்டாமுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். போர்வையை மடித்துப் பையில் வைத்தார். கேட் வரைக்கும் போனவர் நின்று, வேறு எதையோ விசாரிப்பவர்போலக் கேட்டார். "வெட்டுனது போக மிச்சத் துண்டு ஏதாச்சும் கெடக்குதுங்களா அம்மணி?"

அந்த ஒன்பது துண்டுகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றை அவர் என் எதிரில் மோந்து பார்க்கவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேத்தி பிறந்த செய்தியை வீட்டுக்காரர் மூலம் சொல்லியனுப்பினார். கொஞ்ச வருடத்தில் பண்ணையை விற்றுவிட்டு மகளோடு எங்கேயோ போய்விட்டார். மாமா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார், நாலு வருடமும் சந்தோஷமாக இருந்தார். தான் கொண்டுவந்த தண்ணீர் என்ன செய்தது என்று அவருக்கு நான் சொல்லவேயில்லை. சொல்லாததற்காக வருத்தப்பட்டேனா என்றால், அதுவும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு மனிதர் பாச்சை உருண்டைகூடப் போடாமல் இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்ததை, மகள் மோந்து பார்க்கட்டும் என்று கொண்டுவந்து கொடுத்ததை, கடைசியாக மூச்சில் இழுத்தவர்கள் அந்த அம்மாளை உயிரோடு பார்த்தே இராத இரண்டு பேர், மாமாவும் நானும். மாமா போய்விட்டார். மிச்சம் இருப்பது என் மூக்கு ஒன்றுதான். அந்தப் பேத்தி வளர்ந்து ஒருநாள் தேடிக்கொண்டு வந்து, எங்கள் அம்மாயி வாசம் எப்படிங்க இருந்துச்சு என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. மறந்துவிட்டது.